மதிப்பீட்டாளரின் கடைவாய்

முதல்முறை நான் வந்தது பசுக்களை எண்ண.
மார்ச் மாதம். புத்தியாப் பழம் உதிரும் காலம்.
கஸ்தீஷோஸ் தாண்டி மண்சாலையில் இறங்கியதுமே
அன்னாசியும் புளித்த சர்க்கரையும் கலந்த வாடை,
கண்ணாடியை ஏற்றிய பிறகும் காரைவிட்டு இறங்கவில்லை.

நாற்பத்திரண்டு உருப்படி.
வால்டெமார் கையெழுத்துப் போட்டார்.
பேனாவைத் திருப்பித் தர மறந்தார்,
நானும் கேட்கவில்லை.
லாரியில் ஏறும்போது ஒரு கிடாரி
வாயில் பழநாரோடு திரும்பிப் பார்த்தது.

அந்த நிலத்துப் பனைகளுக்கெல்லாம் ஒரே வயது.
இருநூறு என்பார்கள், முந்நூறும் என்பார்கள்.
புதுச் சேர்க்கை நின்றுபோன பள்ளியில்
மூத்த வகுப்பு மட்டும்
சாம்பல்நீல இறகோலையைத் தொங்கப் போட்டு
உட்கார்ந்திருப்பது போல.
உறைபனிக்கு அசராதவை.
தெற்கிலிருந்து வரும் பாம்பெரோக் காற்றுக்கும்.
மாட்டு நாக்குக்குத்தான் வழி தெரியவில்லை.

நாலு வருடம் கழித்து நிலத்துக்கே விலைபோட வந்தேன்.
வால்டெமார் மோன்டெவிடியோவில் பஸ் கழுவுகிறாராம்.
ஒத்திலியா கம்பிவேலியைத் தூக்கிப் பிடித்தாள்.
"அங்கே மிதிக்காதீங்க."
எங்கே?
"நிக்கிறீங்களே, அங்கேதான்."

குனிந்தேன். புல்.
விரலால் வகிடெடுத்துக் காட்டினாள்:
இது புல். இதுவும் புல்.
இது பனை.
முதல் இலைக்கு இறகு கிடையாது, ஒற்றைப் பட்டைதான்.
பசுவுக்கு வித்தியாசம் தெரியாது,
வங்கிக்கும்.
முந்திக்கொண்டவன் ஒருவன் மட்டும்
முழங்கால் உயரத்தில்
தன் ஓலையைக் கிழித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

"ஆயிரத்து நூற்றுப் பதினாறு" என்றாள்.
எண்ணுவது என் தொழில்.
சரிபார்க்கவில்லை.

படிவத்தில் 'மேம்பாடுகள்' என்றொரு கட்டம் உண்டு:
கிணறு, கொட்டகை, வேலி.
எழுதப் பேனா கேட்டேன்.
உள்ளே போய் எடுத்து வந்தாள்.
என்னுடையது.

அதாலேயே எழுதினேன்:
மேம்பாடு ஏதுமில்லை.
மேய்ச்சலுக்குத் தகாது.

விலை பாதிக்கும் கீழே விழுந்தது.
ஏலத்தில் உயர்ந்தது ஒரே கை,
நெடுஞ்சாலையோரம் புத்தியாச் சாராயம் விற்று
நகக்கண்ணெல்லாம் மஞ்சளேறிய கை.

திரும்பும் வழியில் அவள் தந்த பையில்
ஒன்பது பழம் தின்றேன்.
சாம்பல்கிண்ணத்தில் ஒன்பது கொட்டை,
கொட்டைக்கு மூன்று கண்.
மூடிவைத்தேன்.

"மேய்ச்சலுக்குத் தகாதா? ரோச்சாவிலா?"
என்று மேலாளர் கேட்ட செவ்வாய்க்கிழமை
கடைவாயில் இன்னும் ஒரு நார் இருந்தது.
நாக்கால் அதைத் துழாவிக்கொண்டே
ஆமாம் என்று
தலையை மட்டும் ஆட்டினேன்.