உப்பெடுப்பு

இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட
அறுபத்தேழு பேரில் நானும் ஒருவன்.
பதினான்காவது பெயர், நீல மை:
ஹபீப் கனி, கனி ஹார்டுவேர்ஸ், கடைத்தெரு, தொண்டி.

கஷ்டம் ஆபீஸ் என்போம் அதை.
கஸ்டம்ஸ் போய் நாற்பது வருஷம்,
கஷ்டம் மட்டும் காலி பண்ணவில்லை.
மாடி விளிம்பில் ஆலங்கன்று.
கீழே வௌவால், சீட்டுக்கட்டு, குவார்ட்டர் பாட்டில்.
கதவில் மூன்று இலாகாவின் மூன்று பூட்டு,
சாவி எந்த இலாகாவிடமும் இல்லை.

ஈசிஆர் ரோடு வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டுபோய்
பெட்ரோல் பங்க் பக்கம் இறக்கிவிட்டது.
கடைத்தெருவில் நாற்பத்தொரு ஷட்டர்,
காலையில் ஏறுவது பதினொன்று.
என் ஷட்டர் ஏறும் சத்தம்
தெருக்கோடி வரை போய்த் திரும்பி வரும்.
இடித்தால் காம்ப்ளெக்ஸ் வரும் என்றார்கள்,
போட்டேன்.

இடிக்க வரவில்லை. பெனாசிர் வந்தது,
மஞ்சள் ஹெல்மெட்டும் ஐம்பது அடி டேப்புமாக.
சிமெண்ட், புட்டி, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் என்று
கம்பெனி வாரியாக எடுத்துச் சொன்னேன்.
அந்தப் பிள்ளை கேட்டது
கடுக்காய், கருப்பட்டி, சுட்ட சுண்ணாம்பு.
"நாட்டு மருந்துக் கடை அடுத்த தெருவும்மா."
"கடல் கல்லு பாய். சிமெண்டப் பூசினா
மூச்சு முட்டிச் செத்துரும்."
கடல் கல்லைப் புதிதாக வெட்டினால் இப்போது ஜெயில்.
பின்பக்கம் சரிந்து கிடந்த கக்கூஸ் சுவரைப் பிரித்து
ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போட்டார்கள்.

பிறகு பழைய பேப்பர் கேட்டது.
குடோனில் பதினொரு வருஷத்துப் பேப்பர்,
எடைக்குப் போட விலை ஏறட்டும் என்று வைத்திருந்தேன்.
டிரம்மில் ஊறின
தேர்தல் முடிவும் தங்க விலையும்
மணமகள் தேவையும்
எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட பதினேழு பேரும்.
இருளாயியும் ஜெசிந்தாவும் மிதித்துக் கூழாக்கினார்கள்.
ஒரு தாளை மட்டும்
ஜெசிந்தா நனைக்காமல் மடித்து இடுப்பில் செருகினாள்.
யாரும் கேட்கவில்லை.

கூழைச் சுவரில் அப்பினார்கள்.
காய்ந்து, விளிம்பு சுருண்டு, தானே விழுந்தது.
விழுந்ததை உடைத்தால்
உள்ளே பொடிக் கண்ணாடி மாதிரி உப்பு.
கொத்தனார் நம்புராஜன்
சுவரை நக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வார்:
"இன்னும் இருக்கு."
மறுபடி அப்பு. மறுபடி நக்கு.
ஐந்தாவது தடவை
ஆள் இல்லாத நேரம் பார்த்து நானும் நக்கினேன்.
இருந்தது.

ஒருநாள் ஆணி எடுக்க வந்த பெனாசிர்
ஃபைலிலிருந்து ஒரு ஜெராக்ஸை மேசையில் வைத்தது.
"கையெழுத்து அழகா இருக்கு பாய்."
ஆணியை எண்ணிக்கொண்டே இருந்தேன்,
எடைக்கு விற்கிற ஆணியை.

மூன்று பூட்டையும் அறுத்து
தெருப்பக்கக் கதவையும் கடல்பக்கக் கதவையும்
ஒரே நேரத்தில் திறந்த அன்று
கொண்டல் அடித்தது.
என் விலைப்பட்டியல் பறந்தது.
நாற்பது வருஷமாக எங்களுக்குக் காற்று வரவில்லை என்பது
வந்தபோதுதான் தெரிந்தது.
இறங்கிக் கிடந்த முப்பது ஷட்டரும்
உள்ளே ஆள் இருப்பது மாதிரி
தட தட என்றன.

உள்ளே என்ன வரப்போகிறது, இன்னும் முடிவாகவில்லை.
நூலகம் என்கிறது ஒரு இலாகா,
கருவாட்டுச் சந்தை என்கிறது இன்னொன்று.
மூன்றாவது இலாகா பதில் போடவில்லை.
பதினொன்று பதிமூன்றாகி இருக்கிறது:
ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை.
காம்ப்ளெக்ஸே வந்திருக்கலாம் என்கிறவன் இன்னும் இருக்கிறான்,
டீ குடிப்பது அங்கேதான்.

போகும்போது பெனாசிர் சொன்னது:
"உப்பு முழுசாப் போகாது பாய்.
கடல் பக்கத்துலதான இருக்கு.
ஒவ்வொரு மழை முடிஞ்சதும்
யாராச்சும் அப்பணும்."

ஐப்பசி பிறந்துவிட்டது.
எடைக்காரன் இரண்டு தடவை வந்து போனான்.
இந்த வருஷப் பேப்பர்
போடுவதற்கில்லை என்று சொல்லிவிட்டேன்.