ஒன்றரைச் சுற்று

கட்டிலைப் பிரித்தார் காதி, பாத்திரங்களைப் பிரித்தார்.
தையல் இயந்திரம் எனக்கு, ரேடியோ அப்தோஷுக்கு.
வண்டியை என்ன செய்வது?
அறுபத்தேழாம் வருடத்துப் பெஜோ,
கீழே நீலம், மேலே வெள்ளை,
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
ரம்பம் வைத்து அறுக்க முடியாது.
பதினைந்து நாள் ஹராரில் அவனிடம்,
பதினைந்து நாள் திரே தாவாவில் என்னிடம்,
டயரும் எண்ணெயும் அவரவர் பாடு
என்று எழுதி முத்திரை குத்தினார்.
காற்றைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

அவன் ஊர் மலைமேல். காற்று மெலிசு.
அதே பெட்ரோல் அங்கே திகட்டும்.
என் ஊர் வெயில் படுத்துக் கிடக்கும் பள்ளம்.
காற்று கனம். அவன் அளந்து விட்டது இங்கே அரைவயிறு.
அவன் கை பட்டு வரும்போதெல்லாம்
ப்ளக் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும்,
சந்தை முக்கில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால்
கார்புரேட்டர் மூஞ்சியில் தும்மும்.
என் கை பட்டுப் போகும்போதெல்லாம்
அவனுக்கு அடுப்புக்கரி.
பட்டினி போட்டு அனுப்புகிறாய் என்றேன்.
ஊட்டி ஊட்டிக் கெடுக்கிறாய் என்றான்.
வண்டியைத்தான் சொன்னோம்.

ஆகவே மாதம் ஒருமுறை
வாசலில் பானட்டைத் தூக்குவேன்.
காற்று வடிகட்டியைக் கழற்றி ஓரமாய் வைத்து,
சோலெக்ஸின் அடியில் ஒளிந்திருக்கும்
அந்தச் சின்னத் திருகை முழுக்க மூடுவேன்,
இறுக்காமல். இறுக்கினால் ஊசிமுனை புண்ணாகும்,
பிறகு எந்த அளவும் பொய்.
அதன்பின் எண்ணித் திறப்பது: ஒன்று. ஒன்றரை.
எஞ்சினைக் கிளப்பி இன்னொரு கால்.
மூச்சு சீராகிறது. இன்னொரு கால்.
இன்னும் கொஞ்சம் பேராசை,
உடனே தொண்டை அடைக்கிறது, தள்ளாடுகிறது.
வந்த வழியே மயிரிழை திரும்ப வேண்டும்.
காதுதான் வேலை செய்கிறது, கை சும்மா கூட வருகிறது.
எதிர்க்கடை ஜெனரேட்டர் நின்றால் நல்லது.
பஜாஜ் பையன்கள் வாயை மூடினால் இன்னும் நல்லது.

என் ஊருக்கு இரண்டு சுற்று.
அவன் ஊருக்கு ஒன்றரை.
நான்கு வருடமாக இந்த அரைச் சுற்றுதான் எங்கள் வழக்கு.

கை மாற்றுவது தெங்கெகோவில்,
சாலை சட்டென்று பள்ளத்தைக் காட்டும் திருப்பத்தில்.
போன மழைக்காலம், ஒரு வியாழன்,
கரும்புகை கக்கிக்கொண்டு வந்து நின்றான்.
நின்ற பிறகும் குலுங்கியது.
உனக்கு வண்டி வைத்திருக்கத் தெரியாது என்றேன்.
சாவியைப் பானட்டின்மேல் வைத்துவிட்டு
ஹரார் போகும் லாரியில் தொற்றிக்கொண்டான்.
முன்சீட்டில் காத் இலைக் கட்டோடு ஏறிய பிர்துகான்
இலையெல்லாம் பெட்ரோல் நாறுகிறது, பாதிக் கூலிதான் என்றாள்.

ஏழாவது வளைவில் புகை குறைந்தது.
பன்னிரண்டாவதில் குலுக்கல் நின்றது.
என் வீட்டு வாசலில், நாற்பது டிகிரி வெயிலில்,
தையல் இயந்திரம் போல ஓடிக்கொண்டிருந்தது.
பானட்டைத் திறந்தேன், மூடி எண்ணினேன்.
இரண்டு. மயிரிழை கூட இல்லை, குறைவும் இல்லை.
ப்ளக், முதல் வெடிப்பு கேட்ட காப்பிக்கொட்டை நிறம்.

அன்பு என்று யாரும் நினைக்க வேண்டாம்.
என் வாய்க்குப் பயந்திருக்கலாம்.
அவன் கணக்கு எனக்கு எப்போதும் பிடிபட்டதில்லை.

பதினைந்து நாள் முடிந்த காலையில்
பயணிகளை ஏற்றுவதற்கு முன்பே
அரைச் சுற்று மூடினேன்.
ஊர் எல்லையில் மூன்று தரம் அணைந்தது.
ஏற்றத்தில் தும்மியது, பின்னால் வந்த பேருந்து ஏசியது.
ஏற ஏற அதற்கு உயிர் வந்தது.

தெங்கெகோவில் அவன்
ஸ்க்ரூ டிரைவரோடு காத்திருந்தான்.
இறங்கினேன், எஞ்சினை அணைக்கவில்லை.
பானட்டில் ஒரு கையை வைத்து, தலையைச் சாய்த்து,
வெகுநேரம் கேட்டான்.
பிறகு ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
டயரில் காற்று குறைவு என்றான்.