குப்புறக் கிடந்தவன்

பூங்காவின் பெயர் மூன்று முறை மாறிவிட்டது.
பலகையில் பெயிண்ட் உரிந்த இடத்தில்
பழைய பெயரின் ஓர் எழுத்து,
'ரா' மட்டும்,
எட்டிப் பார்க்கிறது.
கிருஷ்ணகிரியில் யாரும் அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை.
சந்தைப் பார்க் என்போம்.
மாடு விற்ற இடம் என்பார் வாட்ச்மேன் முனிரத்தினம்.
சாட்சி கேட்டால்
வேம்பில் அறைந்த இரும்பு வளையத்தைக் காட்டுவார்.
பாதி வளையத்தை மரம் விழுங்கிவிட்டது.
மீதிக்கு அதற்கு அவசரமில்லை.

பஞ்சத்து வருஷம் இங்கே கஞ்சி ஊற்றினார்களாம்.
வரிசையில் நின்றவர்களையே
கூலிக்குக் குழி வெட்டச் சொல்லி
மழை வந்ததும் கன்று வைத்தார்களாம்.
அப்படியானால் இந்தத் தூங்குமூஞ்சி மரங்கள்
பசித்தவர்கள் நட்டவை.
நிழல் இத்தனை அகலமாய் விழுவதற்கு
வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பத்திர ஆபீசுக்கு எதிரே டைப் அடிக்கிறவள் நான்.
கிழக்கே சின்னண்ணன் நிலம், மேற்கே ஓடைப் புறம்போக்கு,
வடக்கே வண்டிப் பாட்டை என்று
நாளெல்லாம் நான்கெல்லை.
ஒன்றரை மணிக்கு டிபன் பாக்ஸோடு
பங்கு பிரிக்காத ஒரே மண்ணுக்கு வருவேன்.
இங்கே சிமெண்ட் யானைக்குத் துதிக்கை பாதிதான்.
அதில் சறுக்கும் பிள்ளைகள்
கடைசி முழத்தைக் காற்றில் சறுக்குவார்கள்.
தண்ணீர் வராத நீரூற்றுத் தொட்டிக்குள்
லாரி கிளீனர் ஒருவன் குறட்டை விடுவான்.
கூழ் கம்பெனிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
தயிர்ச்சோற்றில் மாம்பழம் ஏறும்.

கிரானைட் பெஞ்சுகள் பன்னிரண்டு.
ஒவ்வொன்றிலும் உபயம் இன்னார்.
சாய்ந்தால் யாருடைய பெயராவது முதுகில் உறுத்தும்.
சபீராவும் நானும் உட்கார்ந்தது
பம்ப் ரூம் ஓரம் கிடந்த தட்டைக் கல்லில்.
பெயர் இல்லை. சித்திரையிலும் சுடாது.
பதினோரு வருஷம்.
அவள் கல்யாணம் நின்ற அன்றைக்கும் அதில்தான்.

போன தையில்
நடைபாதைக்கு டைல்ஸ் போட வந்தவர்கள்
கடப்பாறை கொடுத்து அதைப் புரட்டினார்கள்.

அடியில் ஒருவன் நின்றான்.
இடக்கையில் வில்.
தொடையில் தைத்தபடி மூன்று அம்பு.
காலருகே, வாலைச் சுருட்டிக்கொண்டு
ஒரு நாய்.

"இவன் முதுகுலயா சோறு தின்னோம்?" என்றாள் சபீரா.
பிறகு உருதுவில் ஏதோ சொன்னாள்,
கல்லுக்கு.

மியூசியத்திலிருந்து வந்தவர்
மாவு தடவி எழுத்துக் கூட்டினார்.
மாடு மீட்கப் போய்ச் செத்தவனாம்.
உடைந்த மூலையோடு அவன் பெயர் போய்விட்டது.
நாயின் பெயர் முழுசாக இருக்கிறது.
முனிரத்தினம் சிரித்தார்:
மீட்டவன் தலைக்கு மேலேயே
எத்தனை மாட்டுக்கு விலை பேசியிருக்கிறோம்!

வேனில் ஏற்றிப் போனார்கள்.
கல் கிடந்த நீளத்துக்கு
வெளிறிய வேர்களும்
திசை தெரியாமல் ஓடும் எறும்புகளும்.
அதற்கு எல்லை எழுதினால்
வடக்கே யானை, தெற்கே பம்ப் ரூம்,
கிழக்கே சபீரா.
மேற்கு எனக்கு.

மியூசியத்துக்கு ஒரு நாள் போனோம்.
நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள்.
உள்ளே சாப்பிடக் கூடாதாம்.
வாசல்படியில் உட்கார்ந்து பாக்ஸைத் திறந்தோம்.
படி கொதித்தது.