ஓய்வில் முப்பத்தெட்டு

முதல் டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவில்லை.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி கடிகாரத்தை.
முப்பத்தெட்டு.
ஓடுகிறதா அது என்று நர்ஸைக் கேட்டார்.
படுக்கவைத்து வயர் ஒட்டி
"அடிக்கடி மயக்கம் வருமா, அம்மா?" என்றார்.
அன்று காலைதான் அக்கிதானியாவிலிருந்து
மலை தாண்டிச் சொகமோசோவுக்கு
சைக்கிளில் வந்திருந்தேன்.
வாசல்வரை என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளினார்கள்.
சைக்கிளைப் பூட்டிய இடத்தில் இறக்கிவிட்டார்கள்.

இரண்டாமவர் சிரித்த முகம்.
"நாற்பத்தொரு வயது. வெங்காயம் கட்டும் வேலை.
இதற்குமேல் முந்நூறு கிலோமீட்டர் எதற்கு, சென்யோரா?
நடங்கள். ஒரு நாய் வளருங்கள்."
எட்டு மாதமாய்க் கால் ஈயமாய்க் கனக்கிறது என்றேன்.
"அதைத்தான் நானும் சொல்கிறேன்."
வெளியே லாரியில் அண்ணன் எலியெசேர்.
என்ன சொன்னார் என்றான்.
நாய் என்றேன்.
ஏரி கண்ணில் படும்வரை பேசவில்லை இருவரும்.

சைக்கிள் ஓட்டும் டாக்டரைப் பார், என்றார்கள் கூட ஓட்டுபவர்கள்.
துயிதாமாவில் இருந்தார் ஒருவர்.
கிளினிக் சுவரில் கார்பன் சைக்கிள்,
சட்டகத்துக்குள் வியர்வை காய்ந்த பந்தய எண்.
சரியான இடம் என்று உட்கார்ந்தேன்.
இருபது நிமிடம் அவர் ஏறிய மலைகளை
நானும் ஏறினேன்.
கடைசியில் என் தோளில் தட்டி
"வலிதான் நம் சம்பளம்" என்றார்.
அந்தச் சம்பளத்துக்கு இருநூறாயிரம் பெசோ கட்டினேன்.

நான்காமவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை.
மகளுக்குக் காதுவலி.
இரும்புக்கடைக்கு மேல் மாடி, குறுகிய படி.
எங்களுக்கு முன்னால் ஒரு கனத்த பெண்மணி
பாதிப்படியில் நின்று மூச்சு வாங்கினார்.
அவர்தான் டாக்டர் ஒதிலியா கமார்கோ.
காதைப் பார்த்து முடித்து, சொட்டு மருந்து எழுதி,
பேனாவை மூடாமலே என்னிடம் கேட்டார்:
"வாயில் என்ன?"
ஐஸ்.
"இந்தக் குளிரிலா?"
பழக்கம் என்றேன்.
தினமும் இரண்டு டிரே என்று மகள் காட்டிக்கொடுத்தாள்.

பிறகுதான் கேள்விகள் வந்தன.
விடிகாலை எத்தனை மணிக்கு எழுகிறாய்,
சைக்கிளில் ஏறுமுன் என்ன தின்கிறாய்,
எல் குருசெரோ ஏற்றத்தில்
எந்த வளைவில் கால் சாகிறது?
மாதா சிலை வளைவு, என்றேன்.
போன வருடம்?
போன வருடம் எந்த வளைவிலும் இல்லை.
"அந்த வளைவில் பஸ்ஸில் போயே வாந்தி எடுப்பவள் நான்" என்று எழுதிக்கொண்டார்.
மாதத்தில் எத்தனை நாள் போகிறது, எவ்வளவு?
அதை யாரும் கேட்டதில்லை.
விரல் மடக்கி எண்ணிச் சொல்ல
ஒரு கை போதவில்லை.

பழைய ரிப்போர்ட்டை விரித்தார்.
இரும்புச் சேமிப்பு பதினொன்று.
பக்கத்தில் அச்சிட்டிருந்தது: இயல்பு.
"இந்தத் தாளுக்கு நீ இயல்புதான்.
அந்த மலைக்கு இல்லை."
நாடித்துடிப்பைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.
அடிக்கோடு மட்டும் போட்டார்,
பிள்ளையின் நல்ல மதிப்பெண்ணுக்குப் போடுவது மாதிரி.

அதன்பின் சொன்னார், எட்டு வாரம் மலை கிடையாது.
கோபம் வந்தது எனக்கு.
எல்லோரும் சொன்ன அதே "நிறுத்து".
ஆனால் இவர் காலண்டரைத் திருப்பி
எட்டாவது வாரத்து வெள்ளிக்கிழமையில்
என் பெயரை எழுதினார். நூபியா, மாதா வளைவு வரை.
எதை நிறுத்தச் சொல்கிறோம் என்று
தெரிந்து சொன்ன வாய் அது ஒன்றுதான்.

இப்போது ஆறாவது வாரம்.
மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, வெளிக்குக் கறுப்பாய்ப் போகிறது.
பயறு தின்று அலுத்துவிட்டேன்.
ஏரியோரச் சமதளத்தில் என்னைத் தாண்டிப் போகிற
பள்ளிப் பையன்கள் மணியடித்துவிட்டுப் போகிறார்கள்.
மலை ஏறுவேனா தெரியாது.
ஃப்ரீசரில் இரண்டு டிரேயும் நேற்றிலிருந்து அப்படியே.
மகள் ஒன்றில் மொராப் பழச்சாறு ஊற்றி வைத்திருக்கிறாள்.