மிச்சம்

எங்கள் ஊரின் பெயர் மிச்சம்.
வைத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது.
டூட்டிங்கிலிருந்து வரும் 280ஆம் பேருந்தில்
ஒரு பெண்குரல், சலிக்காமல்,
அடுத்தது மிச்சம் என்று அறிவிக்கும்;
பெரிய வகுத்தல் கணக்கொன்றை
இப்போதுதான் செய்து முடித்தவள்போல.

கணிதம் முதலாம் தாள் முடிந்த பின்னேரம்
அந்தப் பேருந்தின் மேல்தட்டில் இருந்துதான்
வந்ததையெல்லாம் வெட்டிவிட்டு
வராததை எண்ணத் தொடங்கினேன்.

ஏழு வருடத் தாள்கள். இருபத்தெட்டுத் தலைப்புகள்.
பச்சை என்றால் நிச்சயம்,
மஞ்சள் என்றால் வரலாம்,
சிவப்பைத் தொடாதே, தூங்கு.
முரண்பாட்டால் நிறுவல்: மூன்று வருடமாகக் காணவில்லை,
ஆகவே பச்சை.
காணாமல் போனது திரும்பித்தான் ஆகவேண்டும் என்று
எந்தத் தேற்றம் சொன்னதோ.
வெக்டர்: முதலாம் தாளில் இரண்டு புள்ளிக்கு
எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது,
ஆகவே சிவப்பு. பன்னிரண்டு சதவீதம்.

அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்ததென்று
ஒருவரும் கேட்கவில்லை.
பத்து என்று போட்டிருந்தால் ஊகம்போல இருந்திருக்கும்.
பன்னிரண்டில் ஒரு வேலைப்பாடு தெரிந்தது.

இரவு ஒன்பதரைக்கு அனுப்பினேன்.
பத்துக்குள் வகுப்பு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.
பத்தரைக்கு, சட்டனில் படிக்கும் ஒருத்தன்
என் பட்டியலை எனக்கே அனுப்பிவைத்தான்,
'நம்பகமான இடத்துத் தகவல்' என்ற குறிப்போடு.
ஒரு நிமிடம் நானும் நம்பினேன்.

எஃபுவா மட்டும் அழைத்துக் கேட்டாள்.
வெள்ளி, சனி, ஞாயிறு அவளுக்கு
முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
"என்னிடம் இருப்பது ஐந்து மணித்தியாலம், ஆரபி.
சிவப்பை விடலாமா?"
விடலாம் என்றேன்.
ஊசி போடப்போகும் மருத்துவரின் குரலில் சொன்னேன்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு
வெக்டர் பயிற்சிகள் அத்தனையையும்
ஒன்று விடாமல் செய்தேன்.
உடுப்பு மடித்து வைக்க வந்த அம்மா
தாளை எட்டிப் பார்த்து,
தங்கள் பள்ளிக்கூடத்தில் இதற்குக் காவி என்று பெயர் என்றாள்.
ஒரு புள்ளியிலிருந்து மற்றதற்குக்
காவிக்கொண்டு போவதால்.
ம் என்றேன். அடுத்த கணக்கு.

உடற்பயிற்சி மண்டபத்தில்
கூடைப்பந்து வளையத்தைச் சுவரோடு மடித்திருந்தார்கள்.
யோகநாதன் என்பதால் எனக்குக் கடைசி வரிசை.
ஓஃபோரிக்கு இரண்டு வரிசை முன்னால்.

நாலாம் கேள்வி.
மூன்று முனைகளைத் தந்து
இணைகரத்தின் நாலாவதைக் கேட்டார்கள்.
ஏழு புள்ளி.
எங்கோ ஒரு கதிரை கிரீச்சிட்டது.
எஃபுவாவின் பேனா நின்றதை அவள் முதுகில் பார்த்தேன்.
திரும்பிவிடுவாளோ என்றிருந்தது.
அவள் திருப்பியது பக்கத்தை.

ஆறு வரியில் முடித்தேன்.
விடைக்குக் கீழே இரண்டு கோடு.
ஒன்றே போதும்.

முரண்பாட்டால் நிறுவல் வரவேயில்லை.
வந்திருந்தால் எழுதியிருப்பேன், அது எனக்கு நல்ல பாடம்:
நிறுவ வேண்டியதற்கு நேர் எதிரானதை
உண்மையென்று எடுத்துக்கொண்டு தொடங்கு,
பொய் தன்பாட்டில் வெளியே வரும்.
பட்டியலை அனைவரும் நம்பினார்கள் என எடுத்துக்கொள்வோம்.
நம்பாதவள் ஒருத்தி இருக்கிறாள்.
அவள்தான் அதை எழுதியவள்.
ஆகவே

280இல் எஃபுவா எனக்குப் பக்கத்தில் இருந்து
விரல்விட்டு எண்ணினாள்.
"ஏழு போச்சு. பரவாயில்லை, மற்றதெல்லாம் எழுதினேன்."
யன்னலில் ஜூன் வெயில், அவள் கண்ணில் தூக்கம்.
"நீயும் அதை விட்டிருப்பாய், பாவம்."

தலையை ஆட்டினேன்.
ஆமென்றும் எடுக்கலாம், இல்லையென்றும் எடுக்கலாம்,
எங்கள் ஆட்களின் தலையாட்டல்
இதற்குத்தான் உதவும்.

எங்கள் தரிப்பிடத்தின் பெயரைப் பெண்குரல் சொன்னது.
எஃபுவா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே
மூன்றாம் தாளுக்கு எப்போது அனுப்புவாய் என்றாள்.

ஒன்பதரைக்கு, என்றேன்.