கேள்வி 14 (ஆ)

இரவு ஒன்பதரை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கர்லிங் அரங்கின் அலுவலக அறையில்
ஹீட்டர் இருமுகிறது, நான் படிவம் நிரப்புகிறேன்.
மானியத்துக்குக் கடைசி நாள் இன்று.
கடைசி நிமிடம் பதினொன்று ஐம்பத்தொன்பது.

கேள்வி 3: உங்கள் கலைத்துறை எது?
நடனம், இசை, நாடகம், ஓவியம்.
ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.
எல்லாவற்றுக்கும் கீழே, பந்தியில் இடம் கிடைக்காதவன்போல்,
பல்துறை.
அதைத் தொட்டதும்
இன்னும் பதினோரு பக்கம் திறந்துகொண்டது.

சரி, சொல்கிறேன்.
வின்னிபெக் ஏரி உறைந்து கிடக்கிறது.
அதன்மேல் மீன்பிடிக் குடில்கள் இருபத்தாறு.
க்ளெம் தேஷார்லே பனியில் துளைபோடும் எந்திரத்துக்குச்
சுருதி சேர்த்திருக்கிறான், பொய்யில்லை.
புதுப் பனிக்கு ஒரு ஸ்வரம், பழைய பனிக்கு ஒன்று.
ஒஸ்தாப்பின் அக்கார்டியன் அதற்குப் பதில் சொல்லும்.
மூன்றாம் குடிலின் வெள்ளைத் தார்ப்பாயில்
ரூனா நிழல்மீன்களை ஆட்டுவாள்;
வலையில் சிக்கியதற்கு மட்டும் எங்கள் மேயரின் மூக்கு.
ஜனங்கள் குடில் குடிலாக நடப்பார்கள்.
பூட்ஸுக்கடியில் பனி நெரிபடும் சத்தமும் நிகழ்ச்சியில் சேர்த்திதான்.

இதை இசை என்று போட்டால்
ரூனா ஈஸ்டர் வரை என்னோடு பேசமாட்டாள்.

கேள்வி 9: சமூகத் தாக்கம். இருநூற்றைம்பது எழுத்துக்குள்.
இடைவெளியும் எழுத்தாம்.
ஒருங்கிணைந்த, உள்ளடக்கிய, நிலைத்த...
இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு
கல்யாணத்துக்குப் போகிற சொற்கள்.
தோளில் தொங்குகிறது.
பரவாயில்லை, வாசலில் தடுக்கமாட்டார்கள்.

பட்ஜெட்.
வரவும் செலவும் ஒரு டாலர் பிசகக் கூடாது.
பணமாக அல்லாமல் தரும் உதவிக்கும் விலை போட வேண்டும்.
ஜெனரேட்டர், ஒஸ்தாப்பின் மச்சானுடையது: இருநூறு.
மீன் சூப் நாற்பது லிட்டர், பெவ் மக்கே: நூற்றெண்பது.
பனியின் கனம் அளந்து, ஏறலாம் என்று சொல்வது,
பெவ்வின் தம்பி லாயிட்:

இதற்கு என்ன போட?
அவன் வாக்குத் தப்பினால் நாங்கள் எல்லோரும் ஏரிக்குள்.
ஐம்பது என்று அடித்தேன்.
வெட்கமாக இருந்தது. எழுபத்தைந்து ஆக்கினேன்.

கேள்வி 14 (அ): சென்ற ஆண்டின் பார்வையாளர் எண்ணிக்கை.
சென்ற ஆண்டு மானியம் இல்லை. ஆனாலும் செய்தோம்.
பதினொரு பேர், ஒரு நாய்.
நாய்க்குக் கட்டமில்லை.

கேள்வி 14 (ஆ): வெற்றியை எவ்வாறு அளவிடுவீர்கள்?

அன்றைக்கு ஒஸ்தாப் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில்
எங்கள் காலுக்கடியில் ஒரு விரிசல் ஓடியது,
கரைக்குக் கரை,
தந்திக்கம்பியைச் சுண்டிவிட்டதுபோல்.
ஒருவரும் அசையவில்லை. நாயும்.
லாயிட்தான் சொன்னான்,
"ஒன்றுமில்லை, ஏரி சோம்பல் முறிக்கிறது."
ஒஸ்தாப் மறுபடி தொடங்கியபோது
அந்த விரிசலின் சுருதியில் தொடங்கினான்.

எழுதினேன்:
கருத்துப் படிவங்கள் வாயிலாக.

பதினொன்று நாற்பது.
அனுப்பு என்கிற பொத்தான் சாம்பல் நிறம் மாறவில்லை.
சிவப்பில் ஒரு வரி:
முடிவு வெளியாகும் முன் நிகழ்ச்சி தொடங்கக் கூடாது.
முடிவு, ஜூன் இருபது.
ஜூனில் எங்கள் மேடைமேல் பெலிக்கன்கள் நீந்தும்.

தேதியை அடுத்த பிப்ரவரி என்று மாற்றினேன்.
ஒஸ்தாப் மே மாதம் பிராண்டனுக்குக் குடிபெயர்கிறான்.
அவன் பெயரை எடுக்கவில்லை.
போக வர அறுநூறு கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு அறுபது சென்ட்,
பயணச் செலவில் சேர்த்தேன். தராசு சாய்ந்தது.
லாயிடின் எழுபத்தைந்தில் கைவைக்க மனம் வரவில்லை.
ஒருங்கிணைப்பாளர் ஊதியம், அதாவது எனக்கு, நானூறு.
அதை நாற்பது ஆக்கினேன். நேரானது.

பதினொன்று ஐம்பத்தாறு.
பெறப்பட்டது. இது தானியங்கிச் செய்தி. பதில் எழுத வேண்டாம்.

கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால்
தூரத்தில், ஏரிமேல், க்ளெம்மின் குடிலில் வெளிச்சம்.
எந்திரம் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கிறது, விடுகிறது,
திரும்பவும் பிடிக்கிறது.

தேதி மாறியதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.