வாதியில் நாலு நாள்

ருஸ்தாக். மே, இரண்டாம் வாரம்.
போன் சொல்கிறது: நாற்பத்து நாலு.
தண்ணி லாரியின் ஸ்டீயரிங்
அதற்கு மேலும் சொல்கிறது,
துண்டு சுற்றிப் பிடித்திருக்கிறேன்.

ஞாயிறு, திங்கள்: மேற்கிலிருந்து கர்பிக் காற்று.
பேரீச்சங்குலைக்கு நல்லது என்கிறார் கல்ஃபான்.
என் மூக்கில் ரத்தம் கசிவதைப்
பார்த்துக்கொண்டேதான் சொல்கிறார்.

செவ்வாய்: காற்று திரும்பும்.
நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் கடல்
இரவோடு இரவாக மலையிடுக்கில் ஏறிவந்து
என் பனியனுக்குள் படுத்துக்கொள்ளும்.

புதன்: மதியத்துக்கு மேல் மலையில் மேகம்.
மழை, முப்பது சதவீதம்.

முப்பது என்றால்?
பத்தில் ஏழு பேர் நனையமாட்டோம், மொஃபிசுல் சிரிக்கிறான்.
கல்ஃபான் சிரிக்கவில்லை.
வாதி நடுவே சிவப்பு வெள்ளை அளவுக்கம்பத்தைக் காட்டி,
"இங்கே தூறல்கூட விழாது.
வெள்ளம் மட்டும் வரும்."

அக்கரையில் பதினோரு வீடு.
இக்கரையில் கம்பெனி, என் அறை, ஓடுகிற ஏசி.
வெள்ளம் வந்தால் ரோடு இல்லை,
ரோடு இல்லாவிட்டால் லாரி இல்லை,
கரை புரளும் தண்ணீரைப் பார்த்தபடி
காலி டாங்கியைத் தட்டிப்பார்ப்பார்கள்.

செவ்வாய் ராத்திரியே
நிறைத்துக்கொண்டு கடந்துவிட்டேன்.
சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை.

புதன், நாலு மணி.
மேகம் இருக்கிறது, மழை இல்லை.
நனையாத ஏழு பேரில் ஒருவனாய்
லாரி நிழலில் குந்தியிருக்கிறேன்.
முப்பதை நம்பிய முட்டாள்
என்று எழுந்து சாவியைத் தேடும்போது
வாதிக்குள் ஒரு கூழாங்கல்
மெல்ல நிறம் மாறுகிறது,
அதற்குப் பக்கத்துக் கல்லும்.